முசுக்கட்டை வங்கும் பைன் பலகையும்: பலேர்மோவின் சிறு படகுகள்

சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோவில் சிறு மீன்பிடிப் படகின் உடல் எந்தப் பொருளால் ஆக வேண்டும் என்பதைக் கடல் மட்டும் முடிவுசெய்ததில்லை. நகரைச் சூழ்ந்த நிலத்தில் எந்த மரம் மிஞ்சியது, எந்த மரம் வேறு தேவைக்காக நடப்பட்டது, எது கடல் கடந்து வந்தது, பிற்காலத்தில் அரசின் பணம் எந்தப் பக்கம் பாய்ந்தது என்பவையே படகு கட்டும் தச்சரின் தேர்வுக்கு எல்லை வகுத்தன. ஆகவே பலேர்மோவின் படகு வரலாறு அத்தீவின் காட்டு வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது.

பீனிசியர் குடியேறி, கிரேக்கர் 'பனோர்மோஸ்' என்று அழைத்த இத்துறைமுகத்தை முதல் பியூனிக் போரின்போது, கி.மு. 254இல் ரோமர் கைப்பற்றினர். அப்போர்க் காலத்ததாகக் கருதப்படும் கார்த்தேஜியக் கப்பல் ஒன்றின் எச்சத்தை, தீவின் மேற்குமுனையிலுள்ள மார்சாலாக் கடலடியில் தொல்லியலாளர் ஒனர் ஃப்ராஸ்ட் 1971 முதல் அகழ்ந்தெடுத்தார். பைன், ஓக், மேப்பிள் மரங்கள் அதில் ஆளப்பட்டிருந்தன. வெளிப்புறத்தை ஈயத் தகடு போர்த்தியிருந்தது. எந்தத் துண்டு எங்கே பொருந்த வேண்டும் என்பதைக் காட்ட மரத்தில் எழுத்துகள் தீட்டப்பட்டிருந்தன. அக்காலத்தில் பலகைகளை விளிம்போடு விளிம்பாகத் துளையும் முளையும் இட்டுப் பொருத்தி படகின் வெளிக்கூட்டை முதலில் உருவாக்கினர். வங்குகள், அதாவது படகின் விலாச்சட்டங்கள், அதற்குப் பின்னரே உள்ளே பதிக்கப்பட்டன. படகின் வலிமை பலகையில் இருந்ததால், நேராகவும் நெடிதாகவும் வளர்ந்த மரமே விலை மிக்கதாயிருந்தது.

கி.பி. முதல் ஆயிரமாண்டு முடிவதற்குள் மத்தியதரைக் கடல் முழுவதும் இம்முறை மெல்லத் தலைகீழாயிற்று. ஏரா எனப்படும் அடிக்கட்டையை முதலில் கிடத்தி, அதன்மேல் வங்குகளை நிறுத்தி, கடைசியில் பலகை அறையும் வழக்கம் வேரூன்றியது. இதனால் வலிமை வங்குக்கு மாறியது. வளைந்த மரம் தேவைப்பட்டது. நேர்மரத்தை வளைவாக அறுத்தால் இழைகள் குறுக்கே வெட்டுப்பட்டு, அலை அடிக்கும்போது அந்த இடத்திலேயே முறியும். இயல்பாகவே வளைந்து வளர்ந்த கிளையில் இழையும் வளைவோடு ஓடுவதால் அது தாங்கும். நுட்பத்தில் நேர்ந்த இந்த மாற்றமே, வளம் குன்றிய காடுகளைக் கொண்ட சிசிலிக்குப் பெரும் வாய்ப்பாக அமைந்தது எனலாம்.

காடு குன்றியதற்குக் காரணம் பலேர்மோவின் செழிப்பே. கி.பி. 831இல் நகரைக் கைப்பற்றிய அரபியர் ஆட்சியில் கரும்புச் சாகுபடி பரவியது. 973இல் இங்கு வந்த பயணி இப்னு ஹவ்கல், துறைமுகத்தை ஒட்டிய காலிஸாப் பகுதியில் கப்பல் கட்டும் தளம் இருந்ததையும், நகரருகே விளைந்த பாப்பிரஸ் கோரையில் பெரும்பகுதி கப்பல் கயிறாகத் திரிக்கப்பட்டதையும் பதிவுசெய்தார். 15ஆம் நூற்றாண்டில் பலேர்மோ வட்டாரக் கரும்பாலைகள் உச்சம் பெற்றபோது, சாற்றைக் காய்ச்ச அடுப்புகள் விறகை இடைவிடாமல் விழுங்கின. கோதுமை வயலும் பெருகியதால், தீவின் வடபுற மலைகளான மதோனியே, நெப்ரோதி ஆகியவற்றில் எஞ்சிய காட்டையும், நீரிணைக்கு அப்பாலுள்ள கலாப்ரியாவின் மரத்தையும் நம்ப வேண்டியிருந்தது. பிற்காலத்தில் பிசின் நிறைந்த அமெரிக்க பைன், 'பிட்ச் பைன்' என்ற பெயரில் இறக்குமதியாகி, பலகைக்கு உரிய மரமாக இத்தாலியக் கரைகளில் இடம்பிடித்தது.

வங்குக்கு மட்டும் வெளிநாட்டை நாட வேண்டியதில்லை. அது வயல் வரப்பிலேயே நின்றது. பின்னர்ச் சிசிலியை ஆண்ட நார்மன் மன்னர் இரண்டாம் ரோஜரின் படை 1147இல் கிரேக்க நாட்டின் தீப்ஸ், கொரிந்து நகரங்களிலிருந்து பட்டு நெசவாளரைப் பலேர்மோவுக்குக் கொண்டுவந்தது. அதன்பின் சிசிலியில், குறிப்பாக மெசினாவைச் சூழ்ந்த வடகிழக்கில், பட்டுப்புழுவுக்கான முசுக்கட்டை மரங்கள், அதாவது மல்பெரி, பெருகின. இலைக்காக மீண்டும் மீண்டும் கவாத்து செய்யப்படும் மரம் நெடிதுயராமல் முறுக்கியும் வளைந்தும் கிளைக்கும். அதன் கட்டை அடர்த்தியானது, எளிதில் உளுக்காதது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெப்ரின் என்னும் நோய் ஐரோப்பியப் பட்டுப்புழுக்களை வாட்டியபின் பட்டுத்தொழில் சுருங்கிய போதிலும், சிசிலியத் தச்சர் முசுக்கட்டையைக் கைவிடவில்லை. ஏராவுக்கு ஓக், வங்குக்கு முசுக்கட்டை, அணியத்தின், அதாவது முன்முனையின், முட்டுக்கட்டைக்கு ஒலிவ மரம், மேற்பலகைக்குப் பைன் என ஒரே படகில் பல மரங்களைச் சேர்த்த இவர்களின் அறிவு, எந்தப் பாடப்புத்தகத்துக்கும் குறைந்ததன்று.

இத்தச்சர் 'மயெஸ்த்ரோ தாஷா', அதாவது வாய்ச்சி பிடிக்கும் ஆசான் என அழைக்கப்பட்டனர். வரைபடம் இல்லாமல், ஒரே மர அச்சைக் குறியிட்ட அளவுப்படி நகர்த்தி நகர்த்தி, நடுவங்கு முதல் முனைவரை எல்லா வளைவுகளையும் பெற்றனர். இருமுனையும் கூரான 'கோட்ஸோ' என்னும் சிறு படகு இவ்வாறே உருவானது. பலகை இடுக்குகளில் சணல் நாரை அடித்துத் திணித்துக் கீல் பூசும் கலப்பத்து வேலை தனித் தொழிலாகவே இருந்தது. 1942ஆம் ஆண்டின் இத்தாலியக் கடற்போக்குவரத்துச் சட்டம் வாய்ச்சித் தச்சரையும் கலப்பத்துக்காரரையும் தொழில்நுட்பப் பணியாளராக ஏற்றது. வணிகர் வின்சென்ஸோ ஃப்ளோரியோ 1830இல் தம் கைக்குக் கொண்டுவந்த, பலேர்மோவின் அரெனெல்லா சூரைமீன் பிடிதளம் போன்ற இடங்களில் பெரிய படகுகள் தேவைப்பட்டன. சிசிலியின் சூரைப் படகுகள் முழுதும் கீல் பூசப்பட்டுக் கறுத்திருந்தன. இது அழகுக்காக அன்று. வெதுவெதுப்பான கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும், கப்பற்புழு எனப்படும் சிப்பியின உயிரியைத் தடுக்கவே.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்ணாடியிழை வந்தது. அச்சு ஒன்று இருந்தால் எத்தனை படகும் வார்க்கலாம், கப்பற்புழு அண்டாது, கலப்பத்தும் ஆண்டுதோறும் கரையேற்றிப் பூசும் செலவும் குறையும். நாள் கூலிக்கு வலை இழுக்கும் குடும்பம் இதைத் தேர்ந்ததைக் குறைசொல்ல நியாயமில்லை. தமிழகக் கரையிலும் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் கட்டுமரத்தைப் பல ஊர்களில் பின்னுக்குத் தள்ளின. ஆனால் மரப்படகில் கெட்ட பலகையை மட்டும் கழற்றி மாற்றலாம். ஆயுள் முடிந்த கண்ணாடியிழைப் படகு மட்காது, மறுசுழற்சியும் கடினம் என்பது இன்று துறைமுகங்களுக்குச் சுமையாகியுள்ளது.

மரப்படகுகள் மறைந்ததில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மீன்வளக் கொள்கைக்கும் பங்குண்டு. மிகை மீன்பிடிப்பைக் குறைக்க, உரிமத்தை ஒப்படைத்துப் படகை உடைப்போருக்கு இழப்பீடு தரப்பட்டது. 2014ஆம் ஆண்டின் 508ஆம் எண் ஒழுங்குமுறை, மரபுச் சிறப்புள்ள படகை உடைக்காமலே இழப்பீடு வழங்க இடம் தந்தது. ஆனால் அப்படகு நிலத்தில் காட்சிப்பொருளாக இருக்க வேண்டும் என்றது. நீரில் ஊறிப் பலகை உப்புவதால்தான் மரப்படகின் இணைப்புகள் இறுகி நிற்கின்றன. நிலத்தில் நிறுத்தினால் அது உலர்ந்து சுருங்கி, இடுக்குகள் விரிந்து சிதையும். மீன்பிடிக்கும் உரிமை நீக்கப்பட்டாலும் மரப்படகை நீரிலேயே மிதக்கவிட விதிகள் இடம் தர வேண்டும்.