காமன் கூத்தும் துயர்க்கதை நாட்டமும்

முடிவு தெரிந்த கதையொன்றை மக்கள் மீண்டும் மீண்டும் நாடுவது ஏன்? அதிலும், அழிவும் பிரிவும் மேலோங்கிய பகுதியையே தேர்ந்தெடுத்துத் தம் கையாலேயே மறுபடி ஆக்கிப் பார்ப்பது ஏன்? இவ்வினாவை ஆராய நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் நிகழும் காமன் கூத்து தக்கதொரு களமாகும்.

மாசி மாத வளர்பிறையில் கம்பம் நாட்டுவதோடு தொடங்கும் இக்கூத்து, பல இரவுகள் தப்பிசையோடு நடந்து, காமன் எரிப்பில் உச்சத்தை அடைகின்றது. சிவனின் தவத்தைக் கலைக்குமாறு தேவர்கள் மன்மதனை ஏவுகின்றனர். இரதி தடுத்தும் அவன் செல்கிறான். நெற்றிக்கண்ணால் எரிந்து சாம்பராகிறான். இரதியின் புலம்பலுக்கு இரங்கிய சிவன், அவள் கண்ணுக்கு மட்டும் புலனாகுமாறு அவனை உயிர்ப்பிக்கிறார்.

கச்சியப்பரின் கந்தபுராணத்திலும் இக்கதை உண்டு. ஆயின் அங்கே காமதகனம் முருகனின் அவதாரத்துக்கு வழிவகுக்கும் ஒரு கிளை நிகழ்ச்சியே. தோட்டத்து மக்களோ அக்கிளையை வெட்டியெடுத்துத் தனி மரமாக நட்டு வளர்த்தனர். காவியத்தின் நோக்கம் அவர்களுக்கு முதன்மையன்று. கணவனை இழந்தவளின் கண்ணீரே முதன்மையாயிற்று.

இதற்கான காரணத்தை அம்மக்களின் வரலாற்றிலே தேடவேண்டும். தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறுவர். மலையக மக்கள் இந்நான்கையும் நூலிற் கற்றவர் அல்லர், வாழ்விற் கண்டவர். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து நடந்துவந்தவர் பலர் வழியிலேயே மாண்டனர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பிரித்துக்கொண்டன. ஒரே குடும்பத்தவர் இரு கரைகளில் நின்ற காலம் அது. மேலிடத்து ஏவலாற் சென்று எரிந்த மன்மதனும், தடுத்தும் தடுக்க இயலாத இரதியும் இம்மக்களுக்கு அந்நியர் ஆவரோ?

வாழ்வில் நேரும் இழப்பு எப்போது வரும், எங்கு முடியும் என்பதை எவரும் அறியார். கூத்தில் வரும் இழப்போ நாள் குறித்து வருகின்றது, விடியலோடு முடிகின்றது. நடத்துபவரும் அழுபவரும் அம்மக்களே. தம் ஆணைக்கு உட்படாத துயரைத் தம் ஆணைக்கு உட்பட்ட துயராக்கிக் கொள்ளுதலே இந்நாட்டத்தின் அடிப்படை என்பது எனது துணிபு.

இது மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. 1966 முதல் 1969 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் இரசிகைகள், கேர்க், ஸ்பொக் என்னும் இரு ஆண்பாத்திரங்களைக் காதலராக்கிக் கதைகள் எழுதி, 1970களிற் சிறு சஞ்சிகைகளில் வெளியிட்டனர். இரு பெயர்களுக்கும் இடையே இட்ட சாய்கோடே அவ்விலக்கிய வகைக்குப் பெயராயிற்று. அவற்றுட் பல காயம், சிறை, மரணம் என இருண்ட பொருள் கொண்டவை. பொதுவாழ்வில் உணர்ச்சியை மறைக்கும் வீரர் துன்பத்திலேதான் ஒருவருக்கொருவர் மனந்திறப்பர் என்பதால், அன்பைக் காட்ட இருளே வழியாயிற்று. ஏற்றத்தாழ்வற்ற இருவரின் காதலைக் கற்பனை செய்யும் வாய்ப்பும் அப்பெண்களை ஈர்த்ததென ஆய்வாளர் கூறுவர். ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் வெளியிட்ட நூலில் இத்தகைய இரசிகரைப் பிறர் நிலத்தில் மறைந்து வேட்டையாடுவோருக்கு ஒப்பிட்டார். தமக்கென நிலமில்லாது பிறர் நிலத்தில் உழைத்த தோட்ட மக்களுக்கு இவ்வுவமை இன்னும் ஆழமாகப் பொருந்துகின்றது.

இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் தவறாகும். அங்கே காதலர் இருவரும் ஆண்களாகவே சித்திரிக்கப்படுகின்றனர். காமன் கூத்திலோ மரபாக ஆண் ஒருவரே இரதி வேடம் பூணுவார். ஆயினும் சபையோர் காண்பது ஓர் ஆணையும் பெண்ணையுமே. அதனினும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. அங்கே கதையை எழுதுவோருட் பெரும்பாலோர் பெண்கள். இங்கோ பகலெல்லாம் கொழுந்து பறித்த பெண், தன் துயரை ஆண்குரலிற் கேட்டு அழும் பார்வையாளராகவே இருந்துவந்தாள். அவளே ஆக்கியோனாக நின்ற இடம் ஒப்பாரியும் தாலாட்டும். மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோரின் பணி இவ்வகையிற் பெருமதிப்புக்குரியது.

துயர்க்கதையை விரும்புவோரை இழிசுவையினர் என ஒதுக்குதல் கற்றோரிடையே எளிதாகக் காணப்படும் வழக்கம். கூத்தைப் பாமரர் களியாட்டம் என்றதும், இரசிகர் புனைவை மனக்கோளாறு என்றதும் அவ்வழக்கின் பாற்பட்டனவே. கதையின் இருளைக் கண்டு முகஞ்சுளிப்பதற்கு முன், அதனை நாடுவோர் எத்தகைய வாழ்விலிருந்து வருகின்றனர் என வினவுதல் வரலாற்று மாணவரின் கடமையாகும். இன்று காமன் கூத்தைப் பதிவு செய்வோர் வேடங்களையும் பாடல்களையும் குறிப்பதோடு அமையாது, விடியும்வரை பனியில் அமர்ந்து இரதிக்காக அழும் பெண்களிடமும் சென்று, அவர்கள் யாருக்காக அழுகின்றனர் எனக் கேட்டறிதல் வேண்டும்.