சாப்ட்பால்: இடையூறு விதிகள்

அடிக்கப்பட்ட பந்தைக் கையாள முற்படும் களத்தடுப்பாளருக்கே பாதையில் முதலுரிமை உண்டு. அவருக்குக் குறுக்கே சென்று இடையூறு விளைவிக்கும் ஓட்டக்காரர், வேண்டுமென்றே செய்யாவிடினும் ஆட்டமிழப்பார். பந்தும் அக்கணமே செயலற்றதாகிவிடும். ஆயின், பந்து கைவசமில்லாமலும், அடிக்கப்பட்ட பந்தைப் பிடிக்க முயலாமலும் ஓட்டக்காரரின் மார்க்கத்தை மறிக்கும் களத்தடுப்பாளரே குற்றமுடையவர் எனக் கொள்ளப்படுவதால், நடுவர் இடக்கையை நீட்டிச் சமிக்ஞை காட்டி, ஆட்டத்தை உடனே நிறுத்தாது தொடரவிட்டு, அத்தடை நேராதிருந்தால் ஓட்டக்காரர் எத்தளத்தை எய்தியிருப்பாரோ அத்தளத்தையே பின்னர் அவருக்கு வழங்குகிறார். இழந்ததை மீட்டுத் தரும் இந்த ஏற்பாடு, வெறும் தண்டனையினும் மேலான நியாயமாகும். ஓட்டக்காரர் விளைவிக்கும் இடையூறுக்கு இனமான விதி கிரிக்கெட்டிலும் உண்டு: 1989ஆம் ஆண்டு அகமதாபாத்தில் இலங்கைக்கு எதிராக நடைபெற்ற ஒருநாள் ஆட்டத்தில், ரன் அவுட்டைத் தவிர்க்கப் பந்தைக் காலால் உதைத்து விலக்கிய இந்திய வீரர் மொகிந்தர் அமர்நாத், களத்தடுப்புக்கு இடையூறு செய்தவராக ஆட்டமிழந்தார்.