பறவையின் காலில் ஒரு முகவரி

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, பரம்பிக்குளத்துக் காட்டினுள் குரியார்குட்டி என்றோர் இடம் உண்டு. 1933-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர், கொச்சி நாட்டுப் பறவைகளை ஆராய வந்த சாலிம் அலி அங்கும் மூணாற்று மலைகளிலும் தங்கினார். அக்கால வழக்கப்படி பறவையைச் சுட்டு, தோலை உரித்துப் பதப்படுத்தியே ஆராய்ந்தனர். பறவை இன்னதென்பது அதனால் விளங்கிற்று. அது எங்கே பிறந்தது, எங்கே செல்லவிருந்தது என்பன விளங்கவில்லை.

உயிரோடு விட்டு அறியும் வழியை 1899-இலேயே டென்மார்க்கு நாட்டு ஆசிரியர் மார்ட்டென்சன் காட்டியிருந்தார். எண் பொறித்த அலுமினிய வளையங்களை அவர் 165 சூறைக்குருவிகளின் கால்களில் இட்டார். நம் நாட்டில் 1920-களில் தார் சமஸ்தானத்தில் தொடங்கிய இப்பணி, 1959-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையுடன் பெரிதாயிற்று. நடத்தியவர் அதே சாலிம் அலி. துப்பாக்கி ஏந்திய கை வளையம் ஏந்தியது!

குஞ்சுப் பருவத்தில் வளையமிட்டால் பிறந்த ஊரும் வயதும் ஐயமின்றித் தெரியும். இங்கிலாந்தின் பார்ன் தீவுகளில் 1982 கோடையில் வளையமிட்ட ஆர்க்டிக் ஆலாக் குஞ்சு ஒன்று, அவ்வாண்டு அக்டோபரிலேயே ஆஸ்திரேலியாவின் மெல்போர்னை எட்டிற்று. உப்புநீர் அலுமினியத்தை அரிப்பதால் கடற்பறவைகளுக்கு எஃகு போன்ற உறுதியான உலோக வளையமே ஏற்றது.

நம் சம்பல் ஆற்று மணல் திட்டுகளில் ஆலாவின் உறவினப் பறவையொன்று முட்டையிடுகிறது. கீழலகு நீண்டு, நீரைக் கிழித்து மீன் பிடிப்பது அது. ஆற்றில் நீர் குறைந்தால் திட்டு கரையோடு சேர்ந்துவிடும். நாய்கள் நடந்தே வந்து கூட்டைச் சூறையாடும். இவ்வினம் இன்று அழியும் நிலையிலுள்ளது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் இவற்றுக்கு வளையமிட்டு, இவை குளிர்காலத்தை எங்கே கழிக்கின்றன என ஆராய்கின்றனர். கூடு மட்டும் காத்தால் போதாதன்றோ!

உதவ முன்வருவோர் அரசின் அனுமதி பெற்ற ஆய்வாளரின் கீழேயே பணிபுரிதல் வேண்டும். வெயில் ஏறுமுன் குஞ்சை எடுத்து, நிறுத்து, அளந்து, எடுத்த இடத்திலேயே விரைந்து விடுவர். தாய் நெடுநேரம் விலகினால் சுடுமணலே குஞ்சைக் கொன்றுவிடும்.

ஆயினும் வளையமிட்டவரால் பணி முடிவதில்லை. யாரோ ஒருவர் அதனைக் கண்டு எழுதும்வரை அவ்வெண் ஊமையே. பிற மாநிலக் கடற்கரைகளில் வாழும் நம் அன்பர்கள் அத்தகைய பறவையைக் காணின், வளையத்தின் எண், இடம், நாள் ஆகியவற்றைக் குறித்து, அதில் பொறித்துள்ள சங்கத்துக்குத் தெரிவிக்கலாம். பறவை உயிரோடிருப்பின் வளையத்தைக் கழற்றலாகாது.