நூறில் பதினெட்டு

பள்ளியில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்பது ஒரு கணக்கு. சேர்ந்தவர்கள் எதுவரை போனார்கள் என்பது வேறு கணக்கு. 1927 மார்ச் 12 அன்று பம்பாய் சட்டமன்றத்தில் கல்வி மானியத்தின் மீது பேசிய அண்ணல் அம்பேத்கர், இரண்டாவது கணக்கை எடுத்து வைத்தார். தொடக்கப் பள்ளியில் நுழையும் நூறு பிள்ளைகளில் நான்காம் வகுப்பை எட்டுவது 18 பேர். மீதி 82 பேர் திரும்பவும் எழுத்தறியாதவர்களாகிவிடுகிறார்கள். சேர்க்கைப் பதிவேட்டில் அந்த 82 பேரும் கல்வி வளர்ச்சிதான்!

மாணவர் என்ற மொத்தத்தையும் அவர் பிரித்துக் காட்டினார். தொடக்கக் கல்வியில் ஆயிரம் பேருக்கு முன்னேறிய இந்துக்கள் 119, முஸ்லிம்கள் 92, இடைநிலை வகுப்பார் 38, பிற்பட்டோர் 18. நம்மவர்களை அன்று அந்தக் கடைசிப் பிரிவில்தான் சேர்த்திருந்தார்கள். கல்லூரியில் இரண்டு லட்சம் பேருக்கு 1,000, 52, 14. கடைசிப் பிரிவுக்குச் சொல்லும்படி எண்ணே இல்லை. எல்லாம் அரசு அறிக்கைகளிலேயே கிடந்த எண்கள். அவற்றை வைத்து அவர் கூடுதல் பணம் கேட்டார். உள்ளே வந்த பிள்ளை எழுத்தறிந்த பிறகே வெளியேற வேண்டும் என்றார்.