அரைச் சம்பள விடுப்பில் பிறந்த விதி

சென்ற வாரம் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் இயற்பியல் நோட்டோடு வந்து உட்கார்ந்தான். “தாத்தா, மின்னழுத்தம் 230 வோல்ட், மின்னோட்டம் 5 ஆம்பியர். தடை எவ்வளவு, திறன் எவ்வளவு?” என்றான். பழைய பழக்கத்தில் ‘யு = ஆர் × ஐ’ என்று எழுதினேன். “தப்பு தாத்தா, வி = ஐ × ஆர்” என்று அடித்துத் திருத்தினான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு மின்னழுத்தம் என்றால் ‘யு’தான். இரண்டும் ஒன்றே என்று சமாதானம் சொன்னேன். அடுத்த கேள்வி வந்தது: “கரண்டுக்கு ஏன் ‘ஐ’? ‘சி’ அல்லவா வரவேண்டும்?” ஆம்பேர் என்ற பிரெஞ்சு அறிஞர் மின்னோட்டத்தின் அளவை ‘ஏந்தான்சித்தே’, அதாவது செறிவு, என்று குறிப்பிட்டார். அந்தச் சொல்லின் முதல் எழுத்துதான் அவன் நோட்டில் இருக்கும் ‘ஐ’. பேரனுக்கு ஆச்சரியம், எனக்குக் கொஞ்சம் பெருமை.

ஆனால் விதி ஆம்பேருடையது அல்ல, ஓமுடையது. சிறுவயதில் எங்களில் சிலர் அதைப் பிரணவ மந்திரத்தோடு சேர்த்து நினைத்ததுண்டு! கேயார்க் சிமோன் ஓம் 1789இல் ஜெர்மனியின் எர்லாங்கன் ஊரில் பிறந்தவர். தந்தை பூட்டுத் தொழிலாளி. தாமாகவே கணிதம் கற்று மகன்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர். மகன் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியரானார். அங்கிருந்த ஆய்வுக்கூடத்தில், பாடம் நடத்தியது போக மீதி நேரத்தில் கம்பிகளோடு மல்லாடினார்.

கம்பி நீண்டால் மின்னோட்டம் எவ்வளவு குறைகிறது என்பதே அவருடைய கேள்வி. 1825இல் அவர் வெளியிட்ட விடை தவறானது. அக்கால மின்கலத்தின் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டிருந்ததே காரணம். பொகெண்டார்ஃப் என்பவர் ஒரு யோசனை சொன்னார். செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தால் நிலையான மின்சாரம் கிடைக்கும் என்பதுதான் அது. அப்படியே செய்து, 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை எட்டுச் செம்புக் கம்பிகளை மாற்றி மாற்றி அளந்தார் ஓம். 1826இல் கணக்கு சரியாக வந்தது. தடை கூடக் கூட, அதே விகிதத்தில் மின்னோட்டம் குறைகிறது.

இதைப் புத்தகமாக எழுத அவர் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லின் போனார், அதுவும் அரைச் சம்பளத்தில். அரசு அலுவலகத்தில் எத்தனையோ விடுப்பு மனுக்களைப் பார்த்தவன் நான். உடல்நலம், கல்யாணம், வீடு கட்டுதல் என்று காரணங்கள் வரும். கம்பியின் கணக்கை எழுத அரைச் சம்பள விடுப்பு என்று ஒரு மனு வந்திருந்தால் நானும் புருவத்தை உயர்த்தித்தான் இருப்பேன்.

புத்தகம் 1827இல் வந்தது. எதிர்பார்த்த வரவேற்பும் இல்லை, பல்கலைக்கழகப் பதவியும் இல்லை. மனமுடைந்து கொலோன் வேலையையும் விட்டார். 1833இல் நூரன்பெர்க்கில் நிலையான வேலை கிடைக்கும் வரை பெர்லினில் கணக்குச் சொல்லிக்கொடுத்தே காலத்தை ஓட்டினார். 1841இல் இலண்டன் ராயல் சொசைட்டி கோப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் சொந்த நாட்டிலும் மதிப்பு ஏறியது. மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி 1852இல் வந்தது. 1854இல் இறந்துவிட்டார்.

இங்கிலாந்தின் காவெண்டிஷ் 1781ஆம் ஆண்டே இந்த உண்மையை நெருங்கிவிட்டார். கருவி இல்லாததால், தம் உடம்பில் வாங்கிய அதிர்ச்சியைக் கொண்டே மின்சாரத்தை மதிப்பிட்டார்! ஆனால் அதை அச்சில் ஏற்றவில்லை. அவர் குறிப்புகளை மேக்ஸ்வெல் 1879இல்தான் பதிப்பித்தார். கோப்பில் எழுதி வைத்தால் மட்டும் போதாது, அனுப்பவும் வேண்டும் என்பது எழுத்தர்களுக்குத் தெரியாததா?

திறன் கணக்குக்கு அடித்தளம் போட்டவர் ஜூல், மான்செஸ்டர் பக்கத்தில் மதுவடிசாலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை. மின்னோட்டம் இரட்டித்தால் கம்பியில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும் என்று 1840 வாக்கில் கண்டார். 1881இல் பாரிஸில் கூடிய மின்சார மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் ஆகியவற்றை உலக அலகுகளாக ஏற்றது. வாட் என்ற பெயரைச் சீமென்ஸ் மறு ஆண்டு முன்மொழிந்தார்.

இனி பேரனின் கணக்கு. 230ஐ 5ஆல் வகுத்தால் தடை 46 ஓம். 230ஐ 5ஆல் பெருக்கினால் திறன் 1150 வாட். அது ஒரு வெந்நீர் ஹீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லோ வோல்டேஜில் 180க்கு இறங்கினால் தடை ஏறக்குறைய அதே 46தான். மின்னோட்டம் 3.9 ஆம்பியராகும், திறன் 704 வாட்டாகும். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்ததற்கு, சூடு ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. அந்தக் காலத்தில் மாலை வேளையில் வெந்நீர் காயாததற்கு ஹீட்டரைத் திட்டினோமே, பாவம், அது என்ன செய்யும்?

பேரன் விடையை எழுதிக்கொண்டு எழுந்தான். ஓமின் அரைச் சம்பளக் கதையையும் சொன்னேன். “அப்போ மீதிப் பாதிச் சம்பளம் அவருக்கு அப்புறம் கிடைச்சுதா தாத்தா?” என்று கேட்டான். பதக்கம் கிடைத்தது என்றேன். அவனுக்கு அது திருப்தியாக இல்லை. எனக்கும்தான்.