இலவசக் கல்வியும் ஊவாத் தோட்டப் பிள்ளைகளும்

1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி இலங்கையிலே பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்விக் கட்டணம் நீக்கப்பட்டது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியாற் பிறந்த இத்திட்டம், ஒரு நாடு தன் பிள்ளைகளுக்கு ஒருங்கே வழங்கிய முழுமையான புலமைப்பரிசில் எனலாம். ஆயினும் பதுளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் அதனால் விளைந்த மாற்றம் மிகச் சிறிதே. அங்கே பிள்ளையைத் தடுத்து நின்றது கட்டணமன்று.

1907ஆம் ஆண்டின் சட்டம் ஆறு முதற் பத்து வயது வரையான பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கியது. லயத்தருகே ஓர் அறை, ஓர் ஆசிரியர், சில வகுப்புகள்; பெரும்பாலும் இவையே பாடசாலை. துரையின் தயவில் நடந்த அப்பாடசாலையிற் கட்டணமே இல்லாதபோது, கட்டண நீக்கத்தால் ஆவதென்ன? ஐந்தாம் வகுப்புக்கு மேற் படிக்கப் பசறைக்கோ பண்டாரவளைக்கோ பதுளைக்கோ செல்லல் வேண்டும். புகையிரதம் 1924இல் பதுளையை அடைந்து அங்கேயே நின்றுவிட்டது. பசறை, லுணுகலைப் பக்கத்தாருக்கு அதுவும் பயன்படவில்லை. விடுதிச் செலவு, உடை, புத்தகம் ஆகியவற்றோடு, மலையேறிக் கொழுந்து பறித்திருந்தாற் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும் கூலியையும் குடும்பம் இழக்கவேண்டியிருந்தது.

கன்னங்கரா இதனை உணராதவரல்லர். ஐந்தாந்தரப் பரிசிலோடு விடுதி வசதியும் கொண்ட மத்திய கல்லூரிகளை அவர் அமைத்தார். ஆனால் அவை கிராமங்களை நோக்கியே எழுந்தன. தோட்டப் பாடசாலைகளோ அரசின் அமைப்புக்கு வெளியே கிடந்தன. 1947 தேர்தலில் பதுளைத் தொகுதி உட்பட ஏழு தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் வாக்குரிமையும் இழக்க, பாராளுமன்றத்திற் பாடசாலை கேட்பதற்கும் நாவில்லாது போயிற்று. 1940களில் இந்திய அரசின் சார்பில் தோன்றிய தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் அளித்த பரிசில்கள் ஒரு சிலருக்கேனும் கைகொடுத்தன.

1970களிற் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1974இல் வந்த மாவட்டப் பங்கீடு பதுளைக்கு இடங்களை ஒதுக்கியது. ஆயின் அது மாவட்டத்தை எண்ணியதேயன்றித் தோட்டத்தை எண்ணவில்லை. 1981இல் தொடங்கிய மகாபொல நிதி கட்டணத்துக்கன்றி வாழ்க்கைச் செலவுக்கே பணம் தந்தது. தேவையை அறிந்த ஏற்பாடுதான். எனினும் அது பல்கலைக்கழக வாயிலை அடைந்தோர்க்கு மட்டுமே உரியது. தோட்டத்தை அண்டிய தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான வகுப்புகள் அருகியே இருந்தமையால், அவ்வாயிலை அடைந்தோரும் பெரும்பாலும் கலைப்பீடத்துக்கே வந்து சேர்ந்தனர்.