மூக்கும் ஒரு சாட்சி

தமிழில் சில சொற்களுக்கு நேர்ந்த கதியை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. 'நாற்றம்' என்ற சொல்லையே எடுத்துக் கொள்ளுங்கள். பழைய நாளில் அது நறுமணத்துக்குப் பெயர். இன்று அதைக் கேட்டாலே கைக்குட்டையைத் தேடுகிறோம். ஒரு சொல்லுக்கு நேர்ந்த வீழ்ச்சி ஓர் ஊருக்கும் நேர்வதுண்டு. கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூர் பாதிரி மரத்தால் பெயர் பெற்ற தலம். பாடலீசுவரர் கோயிலுக்கு அதுவே தல விருட்சம். ஆனால் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய் வந்து பழகியவர்களைக் கேட்டால், பாதிரிப் பூவைப் பற்றியா பேசுவார்கள்? முதுநகரைத் தாண்டியதும் மூக்கைப் பொத்திக் கொண்ட சில மைல்களைப் பற்றித்தான் சொல்வார்கள்.

அந்தச் சில மைல்கள்தாம் சிப்காட் தொழிற்பேட்டை. 1980-களில் தொடங்கி, உப்பனாற்றை ஒட்டி வளர்ந்தது. மருந்து, பூச்சிமருந்து, சாயம் என்று பலவகை ரசாயன ஆலைகள். ஊருக்கு வேலை வரும் என்றார்கள். ஓரளவு வரவும் செய்தது. கூடவே வேறொன்றும் வந்தது. பஸ்ஸில் போகிறவனுக்குச் சாத்திக்கொள்ள ஜன்னல் இருக்கிறது. கால் மணியில் தாண்டிப் போய்விடுவான். குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் செம்மங்குப்பத்திலும் குடியிருப்பவன் எதைச் சாத்துவான்?

கண்ணால் கண்டவனைச் சாட்சி என்கிறோம். மூக்கால் முகர்ந்தவனை அப்படிச் சொல்வதில்லை. இரவு இரண்டு மணிக்கு மூச்சு முட்டியது என்று ஒருவர் மனுப் போடுகிறார் என்று வைத்துக் கொள்வோம். விசாரிக்க ஆள் வருவது பகல் பதினோரு மணிக்கு. அதற்குள் காற்றுத் திரும்பிவிட்டது. "ஒன்றும் இல்லையே!" என்கிறார் வந்தவர். சிதம்பரத்தில் திரையை விலக்கி வெட்டவெளியைக் காட்டினால், அதில் எல்லாம் இருப்பதாகக் கண்டு பக்தன் கைகூப்புகிறான். இங்கேயோ, எல்லாம் கலந்த காற்றை வெறும் வெளி என்று சொல்லித் திரையை மூடிவிடுகிறார்கள்!

மக்களும் சும்மா இருக்கவில்லை. 1998-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி ஜே. கனகராஜ் தலைமையில் மக்கள் தீர்ப்பாயம் ஒன்று அவர்களுடைய குறைகளைக் கேட்டு அறிக்கை வெளியிட்டது. ஆனால் குறையைச் சொல்வது வேறு, ருசுப்படுத்துவது வேறு. ருசுவுக்கு வழி பிறந்தது 2004-ல்.

அந்த ஆண்டில் கிராமத்தார் சிலர் சேர்ந்து, 'சிப்காட் பகுதிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்' என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொண்டு ஒரு குழுவை அமைத்தார்கள். சம்பளம் இல்லாத உத்தியோகம். கருவிகள் இரண்டு: ஒன்று அவரவர் மூக்கு, மற்றொன்று ஒரு நோட்டுப் புத்தகம். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது, என்ன வாடை, கண் எரிந்ததா, தலை வலித்ததா என்று குறித்துக் கொள்ள வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் சொல்ல வேண்டும். வாடைக்கும் அடையாளம் உண்டு. அழுகிய முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டைக்கோஸ் என்றால் மெர்காப்டன். நகச்சாயம் கலைக்கும் திரவம் என்றால் அசிட்டோன்.

மூன்றாவது கருவி பிறகு வந்தது. அது ஒரு பிளாஸ்டிக் வாளி! 1995-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகையால் அவதிப்பட்டவர்களுக்காக வாதாடிய எட்வர்டு மாஸ்ரி என்ற வக்கீல், சாமானியர்கள் கையாளக்கூடிய மலிவான கருவி வேண்டும் என்று செய்வித்தது அது. மூடி போட்ட வாளிக்குள் ஒரு பை. வாளியிலுள்ள காற்றைச் சிறு பம்பினால் உறிஞ்சினால் வெளிக்காற்று பைக்குள் நிறையும். அதைச் சோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டியதுதான். கடலூர்க் காற்று அப்படிச் சோதிக்கப்பட்டபோது 22 நச்சு ரசாயனங்கள் தெரிய வந்தன. அவற்றில் 8 புற்றுநோய் தரக்கூடியவை.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். அன்று இந்தியாவில் சுற்றுப்புறக் காற்றில் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டப்பட்ட பொருள்கள் மொத்தம் ஏழே. பென்சீன்கூட அந்தப் பட்டியலில் இல்லை. 2009-ல் பட்டியல் பன்னிரண்டாக விரிந்தபோதுதான் சேர்ந்தது. சட்டத்துக்குப் பெயர் தெரியாத குற்றவாளிகளைக் கிராமத்தார் பிடித்து நிறுத்தினார்கள்! 2004-லேயே உச்சநீதிமன்றம் அமைத்திருந்த அபாயக் கழிவுக் கண்காணிப்புக் குழு கடலூருக்கு வந்து பார்த்தது. பின்னர் நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமும் ஆராய்ந்து, அங்கே வசிப்பவர்களின் புற்றுநோய் அபாயம் ஏற்கத்தக்க அளவைப்போல் சுமார் 2,000 மடங்கு என்று 2007-ஆம் ஆண்டு அறிக்கையில் தெரிவித்தது.

கதை எழுதுகிறவனாகிய என்னை இந்த வரலாற்றில் கவர்ந்தது வாளியல்ல, நோட்டுப் புத்தகந்தான். ஏனென்றால் மூக்கு நல்ல சாட்சி, ஆனால் சீக்கிரம் களைத்துப் போகிற சாட்சி. ஹைட்ரஜன் சல்பைடு காற்றில் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு கூச்சல் போடும். அதுவே பத்து லட்சத்தில் நூறு பங்காகி, ஆளுக்கே ஆபத்து என்கிற கட்டத்தில், மோப்பம் மரத்துப் போய் மூக்கு மௌனமாகிவிடும். சமூகத்துக்கும் இதே சுபாவம்தான். முதல் நாள் கூச்சல். பத்தாம் நாள் முணுமுணுப்பு. வருஷம் திரும்பினால் பழக்கம். பழகிப் போகாதது ஒன்றே ஒன்று: தேதி போட்டு எழுதி வைத்த வரி.

கோஷம் போட ஆயிரம் பேர் வருவார்கள். அர்த்த ராத்திரியில் எழுந்து, விளக்கைப் போட்டு, "மணி 2-10, தென்காற்று, முட்டை வாடை, குழந்தைக்கு இருமல்" என்று எழுதுவதற்கு எத்தனை பேர் வருவார்கள்? அதைப் பாராட்டி மாலை போடுவார் இல்லை. ஆனால் பிற்காலத்தில் நீதி கேட்க நேர்ந்தால் கைகொடுப்பது அந்த ஒரு வரியாகத்தான் இருக்கும்.

2021 மே 13-ஆம் தேதி அதே தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் நடந்த விபத்தில் நால்வர் இறந்து போனார்கள். ஆகவே, அந்த நோட்டுப் புத்தகத்துக்கு இனி வேலையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் ஊரிலும் ஓர் ஆறோ ஏரியோ காற்றோ இருக்கும். ஒரு குயர் நோட்டும் ஒரு பேனாவும் வாங்குவதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது.